எந்த ஊர்க் கோலில் நிற்பாள் வர்ஷா

எசன்
9 பெப்ரவரி 2025

நவநீத்,

வியாழக்கிழமை உங்களோட கதைச்சு முடிச்சுப் போனை வைச்சிட்டுக் கதவைத் திறக்க, வர்ஷா வெளியில நிண்டவள். சொக்ஸோட, சத்தம் போடாமல். "தண்ணி குடிக்க வந்தனான்" எண்டாள். குசினி மற்றப் பக்கம். நாங்கள் பிரிஞ்சு நாலு வருசமாகுது, பதினஞ்சு வயசுப் பிள்ளை இன்னும் கதவுக்குப் பின்னால நிண்டு எங்கட சண்டையைக் கேக்கிறாள். இனி அவளின்ர விசயம் போனில வேண்டாம். எழுதுவம். ஜேர்மன் மொழியில எழுதினால் உங்களுக்குப் பாதி விளங்காது. இங்கிலிசில எழுதினால் எனக்கு ஒழுங்காக் கோவிக்கத் தெரியாது. அதால தமிழ்.

விசயம் இதுதான். வர்ஷாவின்ர லக்ரோஸ் ரீம் இந்த ஓகஸ்டோட கலையுது. பதினாறு வயசுக்குக் கீழ்ப்பட்ட பெட்டையளுக்கு எசனில இனி ரீம் இல்லை. ஆக்கள் காணாது. பாதிப் பேர் ஹொக்கிக்குப் போட்டினம், மிச்சம் பெரியாக்களின்ர ரீமுக்குப் போகினம். போன சனி கோச் சிசிலி என்னை மைதானத்தில மறிச்சவ. இஞ்ச பிறந்து வளந்த எங்கட பிள்ளைதான், அன்ரன் அண்ணையின்ர மகள்.

"அக்கா, இவளை இப்பிடியே விட்டிடாதேங்கோ" எண்டா. "கோல் காக்கிற பிள்ளையள் முதல் வருசம் முழுக்கப் பந்து வந்தாக் கண்ணை மூடுவினம். இவள் முதல் நாளே மூடேல்லை."

அந்த ரப்பர் பந்து கையில எடுத்துப் பாத்திருக்கிறியளோ? கல்லு மாதிரி. வலைத்தடியால சுழட்டி எறிவினம். என்ர பிள்ளை அதுக்கு முன்னால நெஞ்சை நிமித்திக்கொண்டு நிக்கிறாள். அவள் அந்தத் தடியோட நான் ஓட்டுற பஸ்ஸில ஏறினால் சனம் மீன் பிடிக்கப் போறாளோ எண்டு கேக்குது.

சிசிலி மூண்டு வழி சொன்னவ. ஒண்டு, கொலோனில இருக்கிற பெரிய கிளப். ரெண்டாவது, பக்கத்து ஊர்ப் பிள்ளையளையும் சேர்த்து ஒரு கூட்டு ரீம். அதில பெரிய போட்டியள் இராது. மூண்டாவது, ஹைடல்பேர்க் பக்கம் ஒரு கிளப், பெட்டையளுக்கு நாட்டில நல்லது எண்டு பேராம். அது உங்கட பக்கம். இதை உங்களுக்குச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மறைச்சாப் பிறகு மறைச்சனான் எண்டு வரும். அதால சொல்லுறன்.

மூண்டு வருசமா விளையாடுறாள். நீங்கள் வந்து பாத்தது ரெண்டு மட்ச்.

சுபானி

*

வால்டோர்ஃப்
12 பிப்ரவரி 2025

சுபா,

எழுதறது நல்ல ஐடியா. நானும் ஒத்துக்கறேன்.

ரெண்டு மேட்ச்னு எழுதியிருக்க. மேட்ச் எப்போன்னு யார் எனக்குச் சொன்னாங்க? வர்ஷா சண்டே சாயங்காலம் "இன்னிக்கு ஜெயிச்சோம்"னு மெசேஜ் போடுவா. முடிஞ்சதுக்கு அப்புறம் தெரிஞ்சா நான் எப்படி வர்றது?

சரி, விடு. நீ சொன்ன மூணையும் உக்காந்து பார்த்தேன். எக்ஸெல்ல போட்டு ஒப்பிட்டேன், சிரிக்காதே. டிராவல் டைம், கோச்சோட அனுபவம், வாரத்துல எத்தனை பிராக்டிஸ், ஸ்கூல் எப்படின்னு எல்லாத்துக்கும் மார்க் போட்டேன். எப்படிப் போட்டாலும் எங்க பக்கத்துக் கிளப்தான் மேலே வருது. அவங்க பெண்கள் அணியில இருந்து நேஷனல் டீமுக்குப் போயிருக்காங்க. கோல்கீப்பர்களுக்குன்னு தனி கோச் இருக்காங்க. எசன்ல வர்ஷாவுக்கு யார் கோல்ல நிக்கக் கத்துக்கொடுத்தது? அவளாத்தான் யூடியூப் பார்த்துக் கத்துக்கிட்டா.

வீட்டுல ஒரு ரூம் காலியாத்தான் இருக்கு. அவளுக்குன்னு வெச்சது. இதுக்கு மேல அதைப் பத்தி எழுதினா நீ தப்பா எடுத்துப்ப.

ஈஸ்டர் லீவுல அந்தக் கிளப் மூணு நாள் கேம்ப் நடத்தறாங்க. வெளியூர்ப் பசங்களும் வந்து ட்ரை பண்ணலாம். அனுப்பு. ட்ரை பண்றதுல என்ன நஷ்டம்?

நவநீத்

*

எசன்
23 பெப்ரவரி 2025

நவநீத்,

உங்கட எக்ஸெலில என்னை எந்தக் கட்டத்தில போட்டனீங்கள்? டிராவல் டைமிலயோ?

கிளப்பை மாத்துறது எண்டால் ரெயின் மாத்துற மாதிரி எழுதுறியள். அவள் அங்க விளையாடுறது எண்டால் அங்க இருக்க வேணும். பள்ளிக்கூடம் அங்க, கட்டில் அங்க. லக்ரோஸ் எண்டு பேர் வைச்சு எழுதினாலும் விசயம் என்னெண்டு ரெண்டு பேருக்கும் தெரியும். பிள்ளை ஆரோட இருக்கிறது எண்டதுதான்.

முதல்ல கொலோன் பாப்பம் எண்டு செவ்வாய்க்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போனனான். காலமை வேலை முடிச்சு, சீருடையும் மாத்தாமல் ஓடினனான். போகேக்க ஒரு ரெயின் இல்லை, அடுத்தது டியூஸ்பேர்க்கில நிண்டு போச்சு. போய்ச் சேர பயிற்சி பாதி முடிஞ்சுது. அந்தக் கோச் நல்ல மனுசன்தான், ஆனா மைதானம் நிறையப் பிள்ளையள், கோலுக்கு மட்டும் நாலு பேர் வரிசையில நிக்கினம். வர்ஷாவுக்குப் பத்து நிமிசம் கிடைச்சுது. வரேக்க ரெயினில என்ர தோளில படுத்திட்டாள், வாயைத் திறந்துகொண்டு. வாரத்தில மூண்டு தரம் இது ஏலாது. அவளாலயும் ஏலாது, என்னாலயும் ஏலாது.

என்னெண்டு தெரியேல்லை, இப்ப ஒரு இடத்தில இருக்க முடியேல்லை. பஸ் ஓடேக்க மட்டும்தான் அமைதி. வீட்டுக்கு வந்தால் அலுமாரியைத் திறந்து மூடுறன்.

ஈஸ்டருக்கு அனுப்புறன். கேம்புக்கு மட்டும். ஒண்டு சொல்லுறன், கவனமாக் கேளுங்கோ. அவள் பசிக்குது எண்டு சொல்ல மாட்டாள், நோகுது எண்டும் சொல்ல மாட்டாள். நீங்கள்தான் கேக்க வேணும். ஒருக்கால் கேட்டாக் காணாது.

சுபானி

*

வால்டோர்ஃப்
21 ஏப்ரல் 2025

சுபா,

நாளைக்கு மதியம் டிரெயின் ஏத்தி விடறேன். அதுக்கு முன்னாடி இதை எழுதிடணும், என்னால உக்கார முடியலை.

நம்ம பொண்ணு கத்தறா சுபா! உனக்குத் தெரியுமா? வீட்டுல பத்து வார்த்தை பேசறவ, ஹெல்மெட்டை மாட்டிக்கிட்டுக் கோல் வட்டத்துக்குள்ள நின்னா அந்த மைதானமே அவ குரல்லதான் ஓடுது. பந்து எங்கே இருக்கு, யார் யாரைப் பிடிக்கணும், எல்லாம் அவதான் சொல்றா. தன்னைவிட ரெண்டு வயசு பெரிய பொண்ணுங்களை "லிங்க்ஸ், லிங்க்ஸ், தூங்கறியா!"ன்னு ஜெர்மன்ல இடது பக்கம் விரட்டறா. அவங்களும் ஓடறாங்க. வேலிக்கு வெளியே நின்னுக்கிட்டு நான் பக்கத்துல இருந்த ஆளுகிட்ட "என் பொண்ணு"ன்னு சொன்னேன். அவர் கேக்கவே இல்லை, நானாவே சொன்னேன்.

ரெண்டாவது நாள் மத்தியானம் ஒரு பந்து அவ கையில பட்டுத் தெறிச்சுது. கையை ஒருதரம் உதறினா, அவ்வளவுதான், அடுத்த பந்துக்குத் தயாரா நின்னா. மூணாவது நாள் மேட்ச் முழுக்க நின்னு ஜெயிச்சுக் கொடுத்தா. கோச் என்னைத் தனியா கூப்பிட்டு, ஆகஸ்ட்ல இருந்து அவளுக்கு இடம் தர்றோம்னு சொன்னாங்க. மே மாசக் கடைசிக்குள்ள பதில் வேணுமாம்.

நீ சொன்ன மாதிரிக் கேட்டேன். பசிக்குதா, வலிக்குதான்னு தினமும் கேட்டேன். "பரவால்லப்பா"ன்னா. நேத்து சாம்பார் சாதம் பிசைஞ்சு வெச்சேன், ஸ்பூன் கொடுங்கன்னு கேட்டா. "ஜெர்மன்காரி ஆயிட்டியா?"ன்னு கிண்டல் பண்ணினேன். சிரிச்சா. இன்னிக்கும் ஸ்பூன்தான். வளர்ந்துட்டா, நாம பார்க்காதப்போ என்னென்னமோ மாறிடுது.

அவ எவ்வளவு நல்லா விளையாடறான்னு நீயும் வந்து பார்க்கணும்.

நவநீத்

*

எசன்
24 ஏப்ரல் 2025

நவநீத்,

வர்ஷாவின்ர வலது பெருவிரல் உடைஞ்சிருக்கு.

செவ்வாய்க்கிழமை ரெயினால இறங்கி வந்தவள், பையை இடது கையால தூக்கினவள். வீட்டில சோறு போட்டன், கரண்டி எடுக்கப் போனாள். இவள் நூடில்ஸையே கையால சாப்பிடுறவள். "கையைக் காட்டு" எண்டன். காட்டேல்லை. பிடிச்சு இழுத்துப் பாத்தன். விரல் அடி நீலமாய், வீங்கி, மற்ற விரல் ரெண்டின்ர தடிப்பில. நேர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினனான். டொக்டர் எக்ஸ்ரே படத்தைப் பாத்திட்டு என்னைத்தான் பாத்தார். எத்தனை நாளாய் இப்பிடி இருக்கு எண்டு கேட்டார். அம்மா எண்டு இருக்கிற எனக்குச் சொல்லத் தெரியேல்லை.

கரண்டி கேட்ட பிள்ளையைப் பாத்துச் சிரிச்சிருக்கிறியள்.

உடைஞ்ச விரலோட ஒரு முழு மட்ச் நிண்டிருக்கிறாள். நீங்கள் வேலிக்கு வெளியில நிண்டு ஆரோ ஒருத்தருக்கு என் பொண்ணு எண்டு சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறியள்.

ஆறு கிழமைக்குக் கட்டு. அந்தக் கிளப்புக்கு நான் சம்மதிக்க மாட்டன். இதுக்குப் பதில் எழுத வேண்டாம்.

சுபானி

*

வால்டோர்ஃப்
26 ஏப்ரல் 2025

சுபா,

எழுத வேண்டாம்னு சொன்ன. எழுதறேன்.

நான் பார்க்கலை. அதுக்கு மேல சொல்ல ஒண்ணுமில்லை. அந்த ஸ்பூன் இன்னும் கிச்சன் மேடையிலேயே கிடக்கு, எடுத்துக் கழுவக்கூட முடியலை.

நேத்து அந்தக் கோச்சுக்கு ஃபோன் பண்ணினேன். கத்தணும்னுதான் பண்ணினேன். நான் ஆரம்பிக்கறதுக்குள்ள அவங்க, "ரெண்டாவது நாளே நான் அவகிட்டக் கேட்டேன். கிளவுஸைக் கழட்டுன்னேன். இடது கை கிளவுஸை மட்டும் கழட்டிக் காட்டினா, நானும் நம்பிட்டேன். ரெண்டையும் பார்த்திருக்கணும், என் தப்பு"ன்னாங்க. அதுக்கப்புறம் எனக்குக் கத்த வரலை. அவ என்னை மட்டும் ஏமாத்தலை, எல்லாரையும் ஏமாத்தியிருக்கா.

நீ என் மேல கோபப்படு. உனக்கு அந்த உரிமை இருக்கு. ஆனா ஒரு கேள்வி என் மண்டைக்குள்ள சுத்திக்கிட்டே இருக்கு. வலியைச் சொல்லாம இருக்கறது அவ சுபாவம்னு வெச்சுக்குவோம். உடைஞ்ச விரலை நாலு நாள் மறைக்கறது சுபாவமா? அவ எதுக்கோ பயந்திருக்கா. என்கிட்டச் சொல்ல மாட்டா. உன்கிட்டச் சொல்லுவா. கேளு.

நவநீத்

*

எசன்
4 மே 2025

நவநீத்,

கேட்டன்.

ஒரு கிழமையாய்க் கேட்டுப் பாத்தும் "சும்மா" எண்டவள். நேற்று கட்டு மாத்தப் போய் வரேக்க, பஸ்ஸுக்கு நிக்கேக்க, தானாகச் சொன்னவள். என்ர முகத்தைப் பாக்கேல்லை, ரோட்டைப் பாத்துக்கொண்டுதான்.

"விரல் உடைஞ்சது தெரிஞ்சா நீங்கள் வெண்டிடுவியள் அம்மா. அப்பா தோத்திடுவார். பிறகு அவர் என்னைக் கூப்பிட மாட்டார்."

"அப்ப ஏன் இஞ்ச வந்தும் சொல்லேல்லை?" எண்டன்.

"இஞ்ச சொன்னா நீங்கள் அவருக்கு எழுதுவியள்."

"நாங்கள் எழுதுறது உனக்கு எப்பிடித் தெரியும்?"

"நீங்கள் எழுதேக்க கீபோர்ட்டைக் குத்துறியள். பக்கத்து அறைக்குக் கேக்கும்" எண்டாள்.

பஸ் வந்துது. என்னோட வேலை செய்யிற ஒருத்தர்தான் அதை ஓட்டிக்கொண்டு வந்தவர், கை காட்டினார், நான் அவரைக் கவனிக்கேல்லை. ஏறி இருந்த பிறகும் அவள் சொல்லிக்கொண்டே வந்தவள். "நீங்கள் ரெண்டு பேரும் என்ன எண்டாலும் எறியுங்கோ. நான் பந்தை மட்டும்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

நவநீத், இவ்வளவு காலமும் இவள் கோலில நிண்டதை நான் விளையாட்டு எண்டு நினைச்சனான்.

உங்களில பிழை எண்டு எழுதினன். இப்பவும் பிழைதான். ஆனா உங்கட பிழை மட்டும் இல்லை.

ஒண்டு செய்வம். ரெண்டு கிழமைக்கு அவளோட கிளப்பைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கிறேல்லை. நீங்களும் இல்லை, நானும் இல்லை. அதுக்குப் பிறகு அவளைக் கேப்பம். அவள் சொல்லுறதை ரெண்டு பேரும் அப்பிடியே எடுப்பம். முகத்தைச் சுளிக்காமல்.

சுபானி

*

வால்டோர்ஃப்
18 மே 2025

சுபா,

ரெண்டு வாரம் வாயைத் திறக்கலை. அவகிட்டப் பேசும்போதெல்லாம் மழையைப் பத்தியே பேசினேன். "அப்பா, அங்கே அவ்வளவு மழையா?"ன்னு கேட்டா.

சும்மா இருக்க முடியலை. அதனால ஒரு காரியம் பண்ணினேன். அவ இங்கே வந்தா எந்த ஸ்கூல்ல சேருவாளோ அங்கே இருந்து கிளப் மைதானம் வரைக்கும் பஸ்ல, அப்புறம் நடந்து, அவ போற மாதிரியே போய்ப் பார்த்தேன். மைதானத்துல இருந்து வீட்டுக்கும் அதே மாதிரி வந்தேன். ஆறரை மணிக்குக் கதவைத் திறந்தேன். வீட்டுல யாருமில்லை. இருக்க மாட்டாங்கதானே, நான்தான் வெளியே நிக்கறேன். ஆனா அவ வர்ற நேரத்துல நான் எங்கே இருப்பேன்னு அப்போதான் யோசிச்சேன். அமெரிக்கா டீமோட மீட்டிங்ல இருப்பேன். தினமும் அந்த நேரம்தான்.

என் மேனேஜர் ரவிச்சந்திரன்கிட்டப் போய்ப் பேசினேன். சாயங்கால மீட்டிங்கை வேற யாருக்காவது மாத்த முடியுமான்னு கேட்டேன். "மாத்தலாம், ஆனா அந்தப் ப்ராஜெக்ட் உன் கையை விட்டுப் போயிடும், யோசிச்சுக்கோ"ன்னார். யோசிச்சேன். போனா போகட்டும்னுதான் தோணுது. ஆனா அதுக்கப்புறமும் ஒரு பயம் இருக்கு. அதை உன்கிட்ட மட்டும்தான் சொல்ல முடியும்.

அந்த நாலு நாள் அவ என்கூடவே இருந்தா. அவ கை என் கண் முன்னாடிதான் இருந்துது. நீ அரை நிமிஷத்துல பார்த்ததை நான் பார்க்கலை. எனக்கு எங்கே பார்க்கறதுன்னே தெரியலை சுபா. லீவுக்கு வர்ற பொண்ணுக்குப் படம் காட்டி, ஐஸ்க்ரீம் வாங்கிக் கொடுத்து அனுப்பத் தெரியும். தினமும் வீட்டுல இருக்கற பொண்ணை எனக்குத் தெரியாது.

அந்தக் கூட்டு டீமே போதுமோன்னு தோணுது. சிசிலி பார்த்துக்குவாங்க. அவ உன்கூட இருக்கட்டும். நான் எல்லா மேட்சுக்கும் வர்றேன். நிஜமா.

நவநீத்

*

எசன்
25 மே 2025

நவநீத்,

பின்வாங்காதேங்கோ. இப்பதான் பின்வாங்கக் கூடாது.

நானும் ஒரு காரியம் செய்தனான். வியாழக்கிழமை எனக்கு லீவு. ஒருத்தருக்கும் சொல்லாமல் ரெயின் ஏறி உங்கட ஊர்ப் பக்கம் வந்தனான். உங்களுக்கும் சொல்லேல்லை, மன்னியுங்கோ. உங்களைக் கண்டால் சண்டை பிடிச்சிடுவன் எண்டு பயம். அந்தக் கிளப் மைதானத்துக்குப் போய் வேலியோட நிண்டு பயிற்சி முழுக்கப் பாத்தனான்.

பிழை பிடிக்கத்தான் வந்தனான். அதையும் சொல்லிப்போடுறன்.

கோலில பிளோறன்ஸ் எண்டு ஒரு பெட்டை நிண்டவள். கோச் அவளைத் தனிய எடுத்து, சும்மா நிக்கிறது எப்பிடி எண்டதையே அரை மணித்தியாலம் பழக்கினவ. பந்தே இல்லை. குதிக்காலைத் தூக்கு, தோளை இறக்கு, தடியை இங்க வை. வர்ஷா இந்த ஆசையில எத்தனை நாள் கண்ணாடிக்கு முன்னால தனிய நிண்டிருப்பாள் எண்டு நினைச்சன். பிறகு அந்தக் கோச் எல்லாரையும் வரிசையில கூப்பிட்டு, கிளவுஸைக் கழட்டச் சொல்லி ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டச் சொன்னவ. ஒவ்வொருத்தியாய்ப் பாத்து அனுப்பினா. முந்தியும் செய்தவவோ, இப்பதான் தொடங்கினவவோ தெரியாது.

திரும்பி வரேக்க ரெயின் ரைன் ஆத்தோட போகுது. வழி முழுக்க எனக்கு ஒண்டுதான் ஓடினது. கூட்டு ரீம் நல்லது எண்டு நான் நினைச்சது அவளுக்கு நல்லது எண்டதாலயோ, எனக்கு நல்லது எண்டதாலயோ?

நேற்று அவளைக் கேட்டன். பாத்திரம் கழுவிக்கொண்டு, பெரிசுபடுத்தாமல்.

"ஹைடல்பேர்க்" எண்டாள். யோசிக்கேல்லை. கட்டுப் போட்ட கையால மேசையைத் தட்டிக்கொண்டு சொன்னவள், "அப்பாக்காக இல்லை. அதை அவருக்கும் சொல்லுங்கோ. உங்களில கோவத்திலயும் இல்லை. அங்க கோல் நல்லது. எனக்கு அங்க நிக்க வேணும்."

உங்களுக்கு நோகும் எண்டு தெரியும். எனக்கும் நோகுது. முகத்தைச் சுளிக்கிறேல்லை எண்டு சொல்லிப்போட்டம்.

எங்க பாக்கிறது எண்டு தெரியாது எண்டு எழுதியிருக்கிறியள். நானும் பிறந்த வீட்டில படிச்சுக்கொண்டு வரேல்லை. அவள் வந்து கதவைத் திறக்கேக்க நீங்கள் உள்ளுக்க நில்லுங்கோ. முதல்ல அது காணும். சப்பாத்தைக் கழட்டி எறிஞ்சால் நல்ல நாள். அடுக்கி வைச்சால் என்னமோ நடந்திருக்கு. அண்டைக்குக் கேள்வி கேக்காமல் பக்கத்தில இருங்கோ.

சம்மதம் எண்டு கிளப்புக்குச் சொல்லுங்கோ.

சுபானி

*

வால்டோர்ஃப்
28 செப்டம்பர் 2025

சுபா,

ஆகஸ்ட்ல நீ அவளைக் கொண்டுவந்து விட்டுட்டுப் போனப்போ, ஸ்டேஷன்ல என்கிட்ட ஒண்ணுமே சொல்லாம ஏறிட்ட. அதுக்கு நான் உனக்கு எழுதியிருக்கணும். எழுத ஆரம்பிச்சு ஆரம்பிச்சு நிறுத்திட்டேன்.

ப்ராஜெக்ட் போயிடுச்சு. அஞ்சு மணிக்கு வீட்டுல இருக்கேன். ஷூவை அடுக்கிவெக்கறா. மூணு வாரமா தினமும் அடுக்கிவெக்கறா.

ஃப்ளோரன்ஸ்தான் முதல் கோல்கீப்பர். நம்ம பொண்ணு பெஞ்ச்ல. நாலு மேட்ச் ஆச்சு, ஒரு நிமிஷம்கூட உள்ளே விடலை. கோச்கிட்டக் கேட்டேன். "விரல் ஆறின புதுசு, அவசரப்படக் கூடாது. அவளுக்கும் இது தெரியும். காத்திருக்கக் கத்துக்கணும்"ன்னாங்க. எசன்ல எல்லா மேட்சும் அவதான். இங்கே தண்ணி பாட்டில் எடுத்துக் கொடுக்கறா. மைதானத்துல கத்தின குரல் இப்போ கேக்கறதே இல்லை. ஸ்கூல்லயும் ஃப்ரெண்ட்ஸ் யாரும் அமைஞ்ச மாதிரித் தெரியலை.

நீ சொன்ன மாதிரிப் பக்கத்துல உக்காருறேன். எழுந்து ரூமுக்குப் போயிடறா. நான் பின்னாடியே போகலாமா, கூடாதா? உன்கிட்டப் பேசறாளா? நாம தப்புப் பண்ணிட்டோமோன்னு ஒரு நாளைக்குப் பத்து தடவை தோணுது. நீ "ஆமா"ன்னு சொல்லிடுவியோன்னு பயந்துதான் இவ்வளவு நாள் எழுதலை.

நவநீத்

*

கோப்லென்ஸ் ஸ்டேஷன்
12 ஒக்ரோபர் 2025, ஞாயிறு பின்னேரம்

நவநீத்,

இதைப் போனில குத்தி எழுதுறன், பிழையள் இருந்தாப் பொறுங்கோ.

மத்தியானம் எனக்கு வேலை முடிஞ்சு பஸ்ஸைக் கொண்டுபோய் விட்டிட்டு இறங்க, வர்ஷா போன் எடுத்தவள். அழுகிறாள். இண்டைக்கும் பெஞ்சாம். மட்ச் முடிஞ்சு காரில வரேக்க நீங்கள் "அடுத்த மேட்ச் நிச்சயம்" எண்டு சொன்னீங்களாம், அவள் உங்களுக்கு ஒண்டும் தெரியாது எண்டு கத்தினவளாம், நீங்களும் கத்தினீங்களாம். "அம்மா, என்னை வந்து கூட்டிக்கொண்டு போங்கோ" எண்டாள்.

"வாறன்" எண்டிட்டன். உங்களுக்கு எடுத்துக் கேக்கேல்லை. வீட்டுக்கும் போகேல்லை. இந்தச் சீருடையோடயே ரெயினில ஏறினனான். கொலோன் வரைக்கும் இருக்கேல்லை, கதவடியிலயே நிண்டனான். அவளைக் கூட்டிக்கொண்டு வந்து அவளின்ர கட்டிலில படுக்கவைக்க வேணும், அவ்வளவுதான். எவ்வளவு காலமாய் இந்தக் கூப்பிடுதலுக்குக் காத்துக்கொண்டு இருந்தனான் எண்டு கதவடியில நிக்கேக்கதான் விளங்கினது.

பொன் ஸ்டேஷன் தாண்ட மெசேஜ் வந்துது.

"வர வேண்டாம் அம்மா. பிளோறன்ஸ் வீட்டுக்கு வந்தவள். நாளைக்குப் பயிற்சிக்கு முதல் ரெண்டு பேரும் தனிய எறிஞ்சு பழகப் போறம். அப்பாவில கோவம்தான், ஆனா பரவாயில்லை. சும்மா கத்தினனான்."

மூண்டு தரம் வாசிச்சன். பிறகு இன்னும் ஒரு மெசேஜ். "வெளிக்கிட்டிட்டீங்களோ?"

"இல்லைப் பிள்ளை, இன்னும் டிப்போவில" எண்டு எழுதினன்.

கோப்லென்ஸில இறங்கினன். அந்த ரெயின் உங்கட பக்கம் போகுது. கதவு மூடுற வரைக்கும் ஒரு காலை உள்ளுக்க வைச்சிருந்தனான், கார்ட் விசிலடிச்சுக் கையைக் காட்டினார். எடுத்திட்டன்.

நாங்கள் பிழை விட்டிட்டமோ எண்டு கேட்டு எழுதியிருந்தனீங்கள். ரெண்டு கிழமையாய்ப் பதில் போடேல்லை, எனக்கும் தெரியேல்லை. இப்பவும் தெரியேல்லை. ஆனா அவள் உங்களுக்குக் கத்தியிருக்கிறாள் நவநீத். உங்கட முகத்துக்கு நேர, காருக்குள்ள. எங்கள் ரெண்டு பேருக்கும் இவ்வளவு காலமும் அவள் ஒரு தரமும் கத்தினதில்லை. அதை நீங்கள் கெட்டதாய் எடுக்காதேங்கோ.

இப்ப அந்தப் பிள்ளையள் ரெண்டுக்கும் ஏதாவது சாப்பிடக் குடுங்கோ. அடுத்த மட்ச் எண்டு வாயைத் திறக்காதேங்கோ.

நான் மற்றப் பக்கத்துப் பிளட்போமுக்கு வந்திட்டன், எசன் ரெயினுக்கு நிக்கிறன். இவ்வளவு தூரம் வந்தனான் எண்டு அவளுக்குச் சொல்ல வேண்டாம். தெரிஞ்சால் அடுத்த முறை கூப்பிட முதல் யோசிப்பாள். அவள் யோசிக்காமல் கூப்பிட வேணும்.

சுபானி